புகார் எழுதும் இயந்திரம்

ரயில் நிலையங்களில் அந்த அறிவிப்பைப் பார்த்திருப்பீர்கள். புகார் புத்தகம் நிலைய அதிகாரியிடம் இருக்கிறது என்று எழுதியிருக்கும். கேட்டு வாங்கி எழுதியவர்கள் சொற்பம். அதிகாரியின் அறையைத் தேடிப் போக வேண்டும். "என்ன சார் பிரச்னை?" என்ற கேள்விக்கு நின்று பதில் சொல்ல வேண்டும். பேனா வேண்டும். ரயில் கிளம்பிவிடாமல் இருக்க வேண்டும். பாதிப் புகார்கள் அந்த அறை வாசலிலேயே ஆவியாகிவிடும்.

இது பயணிகளுக்கு இழைக்கப்படும் அநியாயம்தான். ஆனால் அந்தச் சிரமத்துக்குள் இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. இத்தனை தடைகளையும் தாண்டி ஒருவர் எழுதியிருந்தால் அவர் நிஜமாகவே அடிபட்டவர். படிக்கிறவருக்கும் அது தெரியும்.

இப்போது ஒரு கற்பனை. பிளாட்பாரத்தில் இரவு பகலாக ஒரு இயந்திரம் உலாவுகிறது. எரியாத விளக்கு, ஒழுகும் குழாய், ஆடும் பெஞ்சு என்று எல்லாவற்றையும் கண்டுபிடித்து, யாரையும் கேட்காமல் தானே புகார் புத்தகத்தில் எழுதிவிடுகிறது. நாளொன்றுக்கு முந்நூறு பக்கம். படித்து, போய்ப் பார்த்து, சரி செய்ய வேண்டிய அதிகாரி ஒருவர்தான். நிலையம் முன்னேறுமா, அதிகாரி வேலையை விட்டுப் போவாரா?

சாஃப்ட்வேர் உலகில் இது கற்பனையல்ல. அங்கே இரண்டுமே நடந்திருக்கின்றன.

கம்ப்யூட்டர் புரோகிராம்களுக்கும் ஒரு புகார் புத்தகம் உண்டு. துறையில் இருப்பவர்கள் டிராக்கர் என்பார்கள். இன்டர்நெட்டில் எல்லோரும் பார்க்கும்படி இயங்கிய ஆரம்ப கால டிராக்கர்களில் முக்கியமானது பக்ஸில்லா. மோஸில்லா திட்டத்துக்காக 1998-ல் உருவானது. பெங்களூர், புனே, ஹைதராபாத் நிறுவனங்களில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு ஜிரா என்ற பெயர் இன்னும் பழக்கமாக இருக்கும். பெயர் எதுவானாலும் சங்கதி ஒன்றுதான். ஒவ்வொரு குறைக்கும் ஒரு எண். யார் சொன்னது, எப்படிச் செய்தால் அந்தக் குறை தெரிகிறது, எவ்வளவு மோசம், யார் பொறுப்பு, இப்போது எந்த நிலையில் இருக்கிறது - எல்லாம் அதில் இருக்கும். சரி செய்தாகிவிட்டால் 'மூடப்பட்டது'.

இந்தப் புத்தகத்தில் எழுதியவர்கள் நெடுங்காலம் மனிதர்களாகவே இருந்தார்கள். குறைகளைத் தேடும் இயந்திரம் வேறொரு இடத்தில், ஒரு மழை இரவில் பிறந்தது.

1988-ம் ஆண்டின் இலையுதிர் காலம். அமெரிக்காவின் விஸ்கான்ஸின் பல்கலைக்கழகப் பேராசிரியர் பார்ட்டன் மில்லர், வீட்டிலிருந்து டெலிபோன் இணைப்பு மூலம் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டரில் வேலை செய்துகொண்டிருந்தார். வெளியே இடி, மழை. டெலிபோன் கம்பியில் இரைச்சல். அவர் தட்டிய எழுத்துகளுக்கு நடுவே குப்பை எழுத்துகள் நுழைந்தன. அவரை வியப்பில் ஆழ்த்தியது இரைச்சல் அல்ல. அந்தக் குப்பையை விழுங்கிய யூனிக்ஸ் புரோகிராம்கள் நொடித்து விழுந்ததுதான். மாணவர்களிடம் இதையே ஒரு பயிற்சியாகக் கொடுத்தார். தாறுமாறான எழுத்துகளை வேண்டுமென்றே புரோகிராம்களுக்கு ஊட்டுங்கள், என்ன ஆகிறது பார்ப்போம். 1990-ல் முடிவு வெளியானபோது, சோதித்த எந்த யூனிக்ஸ் வகையிலும் 25 முதல் 33 சதவீதப் புரோகிராம்கள் கவிழ்ந்திருந்தன. இந்த முறைக்கு மில்லர் வைத்த பெயர் ஃபஸ்.

புத்திசாலித்தனம் எதுவும் இல்லாத முறை. ஆனால் மனிதனுக்கு இல்லாத ஒரு குணம் அதற்கு உண்டு. சலிப்பதில்லை.

அந்தக் குணத்தின் மதிப்பு 2014 ஏப்ரலில்தான் உலகத்துக்கு உறைத்தது. இணையதளங்களில் பூட்டுச் சின்னத்தோடு நடக்கும் ரகசியப் பரிமாற்றத்துக்குப் பெருமளவில் பயன்பட்ட ஓப்பன் எஸ்எஸ்எல் என்ற இலவச சாஃப்ட்வேரில், ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளிச்சத்துக்கு வந்தது. வெளியிலிருந்து ஒருவர் கேட்டால் ஒவ்வொரு முறையும் 64 கிலோபைட் வரை சர்வரின் நினைவகத்திலிருந்து தூக்கிக் கொடுத்துவிடும். பாஸ்வேர்டும் அதில் இருக்கலாம், பூட்டின் சாவியும் இருக்கலாம். இரண்டு ஆண்டுகளாக அந்த ஓட்டை அங்கேயே இருந்திருக்கிறது. அந்த சாஃப்ட்வேரை முழு நேரமாகக் கவனித்துக் கொண்டவர் அப்போது ஒரே ஒருவர். அடுத்த ஆண்டே ஒரு ஆராய்ச்சியாளர், ஃபஸ் முறையில் அதே ஓட்டையைச் சில மணி நேரத்தில் கண்டுபிடிக்கலாம் என்று செய்து காட்டினார்.

கருவி இருந்தது, ஓட்டையும் இருந்தது. இரண்டையும் இணைத்துத் தினசரி ஓட விடுவதற்குத்தான் ஆள் இல்லை.

சங்கிலி முழுதானபோது

அந்த இணைப்பைத்தான் கூகுள் 2016 டிசம்பரில் அறிவித்தது. ஓஎஸ்எஸ்-ஃபஸ் என்று பெயர். முக்கியமான இலவச சாஃப்ட்வேர்களைத் தன்னுடைய கம்ப்யூட்டர்களில் ஓயாமல் சோதித்து, குறை கண்டால் டிராக்கரில் தானே பதிவு செய்யும் ஏற்பாடு. அறிவிப்பிலேயே ஓர் உதாரணம் கொடுத்தார்கள். நூறு கோடிக்கும் அதிகமான கருவிகளில் எழுத்துகளைத் திரையில் வரைந்து காட்டிய ஃப்ரீடைப் என்ற சாஃப்ட்வேரில் ஒருவர் ஒரு மாற்றம் செய்தார். சில மணி நேரத்துக்குள் இயந்திரம் அதில் ஒரு குறையைக் கண்டு, பராமரிப்பவருக்குத் தெரிவித்தது. அவர் சரி செய்தார். சரியானதையும் ஒரே நாளுக்குள் இயந்திரமே சோதித்து உறுதி செய்தது.

கடைசி வாக்கியத்தை இன்னொரு முறை படியுங்கள். விஷயம் அங்கேதான் இருக்கிறது. இந்த இயந்திரம் புகாரை எறிந்துவிட்டு ஓடிவிடவில்லை. குறையை மறுபடி உண்டாக்கிப் பார்க்கிறது. அதை உண்டாக்கும் உள்ளீட்டை எவ்வளவு சிறியதாக்க முடியுமோ அவ்வளவு சிறியதாக்கிக் கொடுக்கிறது. ஒரே குறை பத்து வேஷத்தில் வந்தால் ஒன்றாக முடிச்சுப் போடுகிறது. எந்த மாற்றத்தில் அது நுழைந்தது என்று தேடுகிறது. சரி செய்த பிறகு சோதித்து, பதிவை மூடியும் விடுகிறது. 2025 மே நிலவரப்படி ஆயிரம் திட்டங்களில் 13,000-க்கும் மேற்பட்ட பாதுகாப்பு ஓட்டைகளும் 50,000 பிற குறைகளும் இதன் உதவியால் கண்டுபிடித்துச் சரி செய்யப்பட்டிருக்கின்றன.

லினக்ஸின் மையப்பகுதியைச் சோதிக்கும் சிஸ்பாட் 2017-ல் வந்தது. குறை கண்டால் உரியவர்களுக்கு ஈமெயில் அனுப்பும். பதிலும் புரிந்துகொள்ளும். 'இது பழைய குறையின் நகல்', 'இது குறையே அல்ல', 'இந்தத் திருத்தத்தைச் சோதித்துச் சொல்' என்று ஒற்றை வரியில் கட்டளை எழுதினால் அதன்படி நடக்கும். புகார் எழுதத் தெரிந்ததோடு, பேச்சுக் கேட்கவும் தெரிந்த இயந்திரம்.

இணைப்பை எதிர்த் திசையிலும் போடலாம் என்று காட்டியது மோஸில்லா. பக்ஸில்லாவில் தினமும் நூற்றுக்கணக்கான புகார்கள் குவிகின்றன. இன்ன புகார் இன்ன பிரிவுக்குப் போக வேண்டும் என்று பிரிப்பதே ஒரு வேலை. தபால் அலுவலகத்தில் கடிதம் பிரிப்பது போல. பழைய புகார்களை வைத்துப் பயிற்றுவித்த ஒரு புரோகிராமிடம் 2019-ல் அந்த வேலையைக் கொடுத்தார்கள். தன் யூகத்தில் 60 சதவீதத்துக்கு மேல் நம்பிக்கை இருந்தால் மட்டுமே அது பிரிவைக் குறிக்கும். குறித்தவற்றில் 80 சதவீதத்துக்கும் மேல் சரி. நிச்சயம் இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டு மனிதரிடம் விட்டுவிடும். இந்த நாகரிகம் பல மனிதர்களிடமே கிடையாது.

திங்கட்கிழமை காலை

ஆனால் எல்லா இணைப்பும் இப்படி அமைவதில்லை. பெங்களூர் சாஃப்ட்வேர் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் நண்பர் சொன்னது. புரோகிராம்களை வரி வரியாக மேய்ந்து குறை சொல்லும் கருவி ஒன்றை, உற்சாகமான இளைஞர் ஒருவர் வெள்ளிக்கிழமை மாலை அலுவலக டிராக்கரோடு இணைத்துவிட்டு ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார். திங்கட்கிழமை வந்து பார்த்தால் ஆயிரத்துக்கும் மேல் டிக்கெட். ஒரே தவறு நாற்பது இடங்களில் இருந்ததால் நாற்பது டிக்கெட்.

முதல் வாரம் எல்லோரும் படித்தார்கள். இரண்டாம் வாரம், கருவியிடமிருந்து வரும் ஈமெயிலைத் தனி ஃபோல்டருக்குத் திருப்பிவிடும் வழியை ஒருவர் கண்டுபிடித்தார். மூன்றாம் வாரம் எல்லோருமே அந்த வழியில் போனார்கள். மாத அறிக்கையில் திறந்திருக்கும் டிக்கெட்டுகளின் எண்ணிக்கை குறைய வேண்டும் என்று மேலிடம் சொன்னபோது, மொத்தமாகத் தேர்ந்தெடுத்து 'செய்வதற்கில்லை' என்று மூடிவிட்டார்கள். மூடியதில் நிஜமான ஓட்டை ஒன்றும் இருந்தது. வாடிக்கையாளர் வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது.

கருவி பொய் சொல்லவில்லை. இணைப்பும் வேலை செய்தது. இந்தப் பக்கம் உட்கார்ந்து படிப்பவருக்கு ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் இருக்கிறது என்பதை மட்டும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

கருவியே பொய் சொல்ல ஆரம்பித்தால்? அதையும் பார்த்தாகிவிட்டது. ஸ்வீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பர்க் 1990-களில் தொடங்கிய கர்ல் என்ற சிறிய இலவச சாஃப்ட்வேர், இன்டர்நெட்டிலிருந்து தகவல் கொண்டுவந்து கொடுக்கும் கூலியாள். உங்கள் செல்போனில், டிவியில், காரில் எல்லாம் அநேகமாக இருக்கிறது. 2,000 கோடி இடங்களுக்கு மேல் என்பது ஸ்டென்பர்க்கின் மதிப்பீடு. பாதுகாப்பு ஓட்டையைக் கண்டுபிடித்துச் சொல்பவர்களுக்கு 2019 முதல் பணப்பரிசு கொடுத்து வந்தார்கள். நல்ல பலன் இருந்தது.

பிறகு, கேட்டதும் கட்டுரை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுப் புரோகிராம்கள் வந்தன. யார் வேண்டுமானாலும் கர்லின் வரிகளை அதில் போட்டு, 'ஓட்டை கண்டுபிடி' என்று சொல்லி, வருவதை அப்படியே அனுப்பலாம். அனுப்பினார்கள். மிடுக்கான ஆங்கிலம், தலைப்பு, உட்தலைப்பு, அபாய மதிப்பீடு எல்லாம் இருக்கும். அதில் குறிப்பிடும் வரிகள்தான் கர்லில் இருக்காது. 2025-ன் நடுவில் ஸ்டென்பர்க் கணக்குச் சொன்னார். வரும் புகார்களில் சுமார் 20 சதவீதம் இப்படிப்பட்ட இயந்திரக் குப்பை. அந்த ஆண்டில் வந்தவற்றில் உண்மையான ஓட்டை 5 சதவீதம்தான். பாதுகாப்புக் குழுவில் ஏழு பேர். ஒவ்வொரு புகாரையும் மூன்று நான்கு பேராவது பார்க்க வேண்டும். அரை மணியிலிருந்து மூன்று மணி நேரம் வரை ஆகிவிடும். அவரைத் தவிர மற்றவர்களுக்கு இது முழு நேர வேலையல்ல. வாரத்துக்கு மூன்று மணி நேரமே கர்லுக்கு ஒதுக்க முடிகிறவருக்கு ஒரு பொய்ப் புகார் போதும், அந்த வாரம் போயிற்று.

புகார் எழுத ஒரு நிமிடம். பொய் என்று நிரூபிக்க மூன்று மணி நேரம். இந்த வியாபாரம் யாருக்கும் கட்டுப்படியாகாது. 2026 ஜனவரி முடிவோடு கர்ல் பணப்பரிசை நிறுத்திவிட்டது.

இதை வைத்துச் செயற்கை நுண்ணறிவே வேண்டாம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். 2025 செப்டம்பரில் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் அதே வகைத் தொழில்நுட்பத்தால் இயங்கும் கருவிகளை வைத்து கர்லை அலசி, ஒரு நீண்ட பட்டியலை அனுப்பினார். ஐம்பது அளவில் திருத்தங்கள் அதிலிருந்து பிறந்தன. குப்பையைப் பற்றிக் கடுமையாக எழுதிய ஸ்டென்பர்க்கே இதை மனம் திறந்து பாராட்டினார். முன்னதில் கருவிக்கும் புகார் புத்தகத்துக்கும் நடுவே யாரும் இல்லை. பின்னதில், விஷயம் தெரிந்த ஒரு மனிதர் இருந்தார்.

உண்மையும் சுமைதான்

புகார் உண்மையாகவே இருந்தாலும் பிரச்னை தீர்ந்துவிடுவதில்லை. எஃப்எஃப்எம்பெக் என்பது வீடியோவைக் கையாளும் இலவச சாஃப்ட்வேர். நீங்கள் கம்ப்யூட்டரில் பார்க்கும் படங்களுக்குப் பின்னால் பெரும்பாலும் அதுதான் இருக்கும். எழுதிப் பராமரிப்பவர்கள் பெரும்பாலும் தொண்டர்கள். 2025-ல் கூகுளின் செயற்கை நுண்ணறிவுத் துப்பறிவாளரான பிக் ஸ்லீப், அதில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தது. எங்கே? 1995-ல் வந்த ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டின் வீடியோவைப் படிப்பதற்கான பகுதியில். தொண்டர்கள் சரி செய்தார்கள். ஆனால் கோபமும் பட்டார்கள். கோடி கோடியாகச் சம்பாதிக்கும் நிறுவனம் தன் இயந்திரத்தை விட்டுக் குறை கண்டுபிடிக்கிறது. கண்டுபிடித்த செய்தியை ஒரு வாரத்துக்குள் ஊருக்கு அறிவித்து, 90 நாள் கெடுவையும் ஆரம்பிக்கிறது. சரி செய்ய வேண்டியது மட்டும் சம்பளம் வாங்காத நாங்களா? திருத்தத்தையும் சேர்த்து அனுப்புங்கள், அல்லது பணம் அனுப்புங்கள் என்றார்கள்.

கூகுள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. நல்லவர்கள் கண்டுபிடிக்கும் ஓட்டையைக் கெட்டவர்களும் கண்டுபிடிக்கலாம். கெடு வைக்காத காலத்தில் புகார்கள் ஆண்டுக்கணக்கில் தூங்கியதும் உண்டு. பழைய விளையாட்டுக்கான பகுதி என்றாலும், விஷமத்தோடு தயாரித்த ஒரு கோப்பு அந்தக் கதவைத் தட்டித் திறக்க முடியும்.

இரண்டு பக்கமும் நியாயம் என்றால் நசுங்குவது நடுவில் இருப்பவர். ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் என்று எல்லோரும் பயன்படுத்தும் லிப்எக்ஸ்எம்எல்2 என்ற சாஃப்ட்வேரைப் பராமரித்து வந்த நிக் வெல்ன்ஹோஃபர், 2025 ஜூனில் ஒரு முடிவை அறிவித்தார். வெளியாட்கள் சொல்லும் பாதுகாப்புப் புகார்களுக்கே வாரத்தில் பல மணி நேரம் போகிறது. சம்பளம் இல்லாத தொண்டரால் இது தாங்காது. இனி அவற்றுக்குத் தனி மரியாதை, ரகசியம், கெடு எதுவும் கிடையாது, மற்றக் குறைகளைப் போலவே முடிந்தபோது பார்க்கப்படும் என்றார். அதே ஆண்டில் பொறுப்பிலிருந்தே விலகிவிட்டார். புகார் புத்தகம் நிரம்பிக்கொண்டிருந்தது. அதிகாரியின் நாற்காலி காலியானது.

நமக்கென்ன என்று கேட்கலாம். டீக்கடையில் செல்போனைக் காட்டிப் பத்து ரூபாய் கொடுக்கிறோம். ரயில் டிக்கெட், வங்கிக் கணக்கு, கேஸ் சிலிண்டர் எல்லாம் அதே செல்போனில். அதற்குள்ளும் அதோடு பேசும் சர்வர்களுக்குள்ளும், மேலே சொன்ன ரகத்தைச் சேர்ந்த இலவச சாஃப்ட்வேர்கள் மண்டிக் கிடக்கின்றன. நம் நிறுவனங்கள் அவற்றை எடுத்துப் பயன்படுத்தியே வளர்ந்தன. பதிலுக்கு என்ன கொடுத்தோம் என்ற கேள்விக்கு நெடுங்காலம் பதில் இல்லை.

ஒரு பதில் பெங்களூரிலிருந்து வந்தது. பங்கு வர்த்தக நிறுவனமான ஸெரோதா, 2024 அக்டோபரில் இலவச சாஃப்ட்வேர்களுக்காக ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் நிதி ஒன்றை அறிவித்தது. 2025-ல் அதிலிருந்து 1 லட்சம் டாலர் போனது, சற்று முன் கோபப்பட்டார்களே, அந்த எஃப்எஃப்எம்பெக் தொண்டர்களுக்கு. உலகச் சந்தையில் இது கொசுறுத் தொகை. ஆனால் புகார் எழுதும் இயந்திரத்துக்குச் செலவிடுபவர்கள், புகாரைப் படிக்கும் மனிதருக்கும் செலவிட வேண்டும் என்று இங்கிருந்து ஒருவர் உணர்ந்திருக்கிறார்.

எல்லோராலும் லட்சம் டாலர் கொடுக்க முடியாது. கொடுக்க முடிகிற ஒன்று உண்டு. அலுவலகத்தில் நீங்கள் ஒரு தேடும் கருவியை டிராக்கரோடு இணைக்கப் போகிறீர்கள் என்றால் - இன்றைக்கு அது பத்து நிமிட வேலை - இணைப்பதற்கு முன் சிலவற்றை யோசியுங்கள். அது சொல்லும் குறையை அதுவே மறுபடி உண்டாக்கிக் காட்டுமா? நாற்பது நகலை ஒன்றாகக் கட்டித் தருமா? 'இது குறையல்ல' என்று ஒரு முறை சொன்னால் மறுபடி வராமல் இருக்குமா? சரி செய்த பிறகு வந்து பார்க்குமா? இத்தனைக்கும் 'ஆம்' என்றால் இணையுங்கள். ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும், அந்த வேலையை நடுவில் உட்கார்ந்து செய்யப்போகும் மனிதர் யார் என்று பெயரை எழுதி வையுங்கள். அவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

நண்பரின் அலுவலகத்தில் கடைசியில் அதைத்தான் செய்தார்கள். கருவி கண்டுபிடிப்பது இப்போது நேராக டிராக்கருக்குப் போவதில்லை. முதலில் ஒருவரிடம் போகிறது. அவர் சலித்து, நகல்களை நீக்கி, மிஞ்சியதைத் தன் பெயரில் பதிவு செய்கிறார். வாரத்துக்கு ஐந்தோ ஆறோதான் தேறுகிறதாம். எல்லோரும் படிக்கிறார்கள்.

அந்த ஒருவர் யார் என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை பஸ் ஏறிய அதே இளைஞர்.